ஏரியிலிருந்து எடுத்த படகு: புளூபேர்ட் கே7 மீட்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

2001 மார்ச் 8. இங்கிலாந்தின் வடமேற்கில் மலைகளுக்கு நடுவே ஒடுங்கி நீண்டு கிடக்கும் கானிஸ்டன் ஏரியில், காற்றடைத்த பைகள் தூக்கிக்கொடுக்க, நசுங்கிய நீலநிற உலோக உடல் ஒன்று மேலே வந்தது. 34 ஆண்டுகள் சேற்றில் கிடந்திருந்தும் வால் துடுப்பில் வரைந்த பிரிட்டிஷ் கொடியை அடையாளம் காண முடிந்தது. அதைப் பார்க்கக் கரையில் நின்றவர்களில் பலருக்கு அந்தப் படகு மூழ்கிய நாளும் நினைவிருந்திருக்கும்.

அது புளூபேர்ட் கே7. வேகப்படகுகளைப் பாதுகாப்பது, புதுப்பிப்பது என்று பேச்செடுத்தால் எங்கே சுற்றினாலும் கடைசியில் இந்தப் படகில்தான் வந்து நிற்கும். இதைப் பழுது பார்ப்பதில் இருந்த தொழில்நுட்பச் சிக்கல்கள் பெரியவைதான். ஆனால் படகை நிஜமாக இழுத்தடித்தது இரும்பும் அலுமினியமும் இல்லை, காகிதம். கடைசி நட்டு முறுக்கப்பட்ட பிறகு இந்தப் பொருள் யாருடையது, அதை என்ன செய்வது என்பதை முதலிலேயே தெளிவாக எழுதி முடிக்கவில்லை. இந்த ஆய்வை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அதுதான்.

முதலில் படகைப் பார்ப்போம்.

டானல்ட் கேம்பெல் நீரில் வேக சாதனைக்காகக் கட்டிய படகு இது. அவருடைய அப்பா மால்கம் கேம்பெல் நிலத்திலும் நீரிலும் சாதனைகள் வைத்தவர். மகனுக்கு அந்தப் பெயரே ஒரு சுமை. கென் நாரிஸ், லூ நாரிஸ் என்ற சகோதரர்கள் வடிவமைத்தார்கள். பின்பகுதியும், முன்னால் இரு பக்கமும் கைநீட்டியது போல நிற்கும் ஸ்பான்சன் எனப்படும் மிதவைகளும் சேர்ந்து மூன்றே இடங்களில் நீரைத் தொடும் ஹைட்ரோபிளேன் இது. உள்ளே எஃகுச் சட்டகம், மேலே பிர்மாப்ரைட் என்ற அலுமினிய, மக்னீசியக் கலவைத் தகடு. புரொப்பல்லர் கிடையாது, ஜெட் என்ஜின் நேரடியாகத் தள்ளும்.

1955 ஜூலையில் அல்ஸ்வாட்டர் ஏரியில் மணிக்கு 202.32 மைல். அங்கே தொடங்கி, 1964 டிசம்பர் 31 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் டம்பிள்யங் ஏரியில் 276.33 மைல் வரை, இந்த ஒரே படகு ஏழு முறை உலக சாதனை வைத்தது. அதே 1964 ஜூலையில் கேம்பெல் நிலத்திலும் 403.10 மைல் ஓட்டியிருந்தார். ஒரே ஆண்டில் நிலம், நீர் இரண்டிலும் சாதனை வைத்தவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

அவருக்கு அது போதவில்லை. 300 மைல் வேண்டும் என்றார். பழைய பெரில் என்ஜினைக் கழற்றிவிட்டு, எடை குறைந்த, தள்ளுவிசை கூடிய பிரிஸ்டல் சிட்லி ஆர்ஃபியஸ் என்ஜினைப் பொருத்தினார்கள். அதற்காக ஒரு ஃபாலண்ட் நாட் விமானத்தையே வாங்கினார்கள். 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களோடு மோதிப் பெயர் வாங்கிய அதே நாட்தான். பெங்களூர் எச்ஏஎல்லில் அந்த விமானத்தையும் ஆர்ஃபியஸ் என்ஜினையும் உரிமம் பெற்றுத் தயாரித்தார்கள். ஆங்கிலேய ஏரி ஒன்றின் அடியில் கிடந்த என்ஜினுக்கு நம் ஊர்ப் பக்கம் இப்படி ஒரு உறவு இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

1967 ஜனவரி 4, காலை. முதல் ஓட்டத்தின் சராசரி 297.6 மைல். சாதனையாகப் பதிவாக வேண்டுமானால் எதிர்த்திசையிலும் ஓட வேண்டும், இரண்டின் சராசரிதான் கணக்கு. படகு கிளப்பிய அலை அடங்கக் காத்திருக்காமல் கேம்பெல் திரும்பினார். இரண்டாவது ஓட்டத்தில் ஒரு கட்டத்தில் 328 மைல் தொட்டார். அப்புறம் மூக்கு மேலெழுந்தது.

இப்படிப்பட்ட படகில் அதுதான் பயம். வேகம் கூடக் கூடப் படகை நீர் தாங்குவது குறைந்து காற்று தாங்குவது அதிகமாகும். மூக்கு சில பாகை உயர்ந்தாலே அடியில் புகும் காற்று இன்னும் உயர்த்தும். ஒரு எல்லை தாண்டினால் திரும்பக் கீழே வராது. அந்த நேரத்தில் என்ஜின் விசை குறைந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் ஓரளவு மூக்கை அழுத்தி வைத்திருப்பதே அந்த விசைதான். படகு காற்றில் பின்பக்கமாகப் புரண்டு, மூக்குக் குத்தி விழுந்தது. முன்பகுதி சிதறியது. கேம்பெலுக்கு 45 வயது. ராசிக்காக அவர் கூடவே வைத்திருந்த மிஸ்டர் வாப்பிட் என்ற கரடி பொம்மை மிதந்து வந்தது. கடற்படை முக்குளிப்பாளர்கள் படகைக் கண்டுபிடித்தார்கள், உடல் கிடைக்கவில்லை. படகை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

அப்படியே விட்டிருக்கலாமா? இதற்கு ஒரே பதில் கிடையாது. ஸ்காட்லாந்தில் பதில் வேறு. 1952 செப்டம்பரில் ஜான் காப் என்ற சாதனையாளர் தன் ஜெட் படகான குருசேடரோடு லாக் நெஸ் ஏரியில் இறந்தார். படகின் சிதைவுகள் ஏறக்குறைய 200 மீட்டர் ஆழத்தில் 2002-ல் கண்டுபிடிக்கப்பட்டன. அதை எடுக்கவில்லை. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட நினைவிடமாக அறிவித்து, கிடந்த இடத்திலேயே விட்டார்கள். 200 மீட்டர் ஆழம் அந்த முடிவுக்குப் பெரிய உதவி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. யாரும் போய், தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவெட் ஒன்றைக்கூடப் பிடுங்கிக்கொண்டு வர முடியாது.

கானிஸ்டனில் ஆழம் சுமார் 45 மீட்டர். பயிற்சி பெற்ற முக்குளிப்பாளர் போய் வரக்கூடிய தூரம். டைன்சைடைச் சேர்ந்த பொறியாளரும் முக்குளிப்பாளருமான பில் ஸ்மித், ஒலி அலைகளால் ஏரித் தரையைப் படம்பிடிக்கும் சோனாரைக் கொண்டு சில ஆண்டுகள் தேடி, 2000-ல் படகைக் கண்டார். இடம் தெரிந்துவிட்டால் அதன் பிறகு ரகசியம் தாங்காது. நினைவுப் பொருள் வேட்டைக்காரர்கள் வருவார்கள். எடுப்பது என்ற முடிவுக்கு அந்த அச்சத்தையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எடுக்க வேண்டாம், அது கல்லறை என்றவர்களும் இருந்தார்கள். ஆனால் மகள் ஜினா கேம்பெல் சம்மதித்தார். படகு வந்த பிறகு, மே 28 அன்று கேம்பெலின் உடலும் கிடைத்தது. செப்டம்பர் 12 அன்று கானிஸ்டனில் அடக்கம் செய்தார்கள். முந்தின நாள் நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்திருந்தன. அன்றைக்கு ஏரிக்கரைக் கிராமத்தில் நடந்த இறுதிச் சடங்கைக் கவனிக்க உலகத்துக்கு நேரமில்லை.

உடல் வெளியே வந்ததும் படகு கல்லறை என்ற வாதம் வலுவிழந்தது. மிஞ்சியது ஒரு பொருள். அதைப் பார்ப்பவர் எவரோ அவர் கண்ணுக்கு ஏற்ப அது மாறியது.

அருங்காட்சியகத்தாருக்கு அது ஒரு ஆவணம். நசுங்கல் ஒவ்வொன்றும், கிழிந்த தகட்டின் ஓரம் ஒவ்வொன்றும் அந்தக் காலை என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி. நசுங்கலை நிமிர்த்தினால் சாட்சி அழிந்துவிடும். பொறியாளருக்கோ அது பழுதான இயந்திரம். பின்பாதி பெரும்பாலும் முழுதாக இருக்கும்போது அதை ஏன் சரிசெய்யக்கூடாது? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லி நழுவிவிடலாம். ஆனால் பணம் கேட்கப் போகும்போது ஏதாவது ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். பிரிட்டனின் பாரம்பரிய லாட்டரி நிதியம் புனரமைப்புக்குப் பணம் தர மறுத்தது.

இங்கேதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த முரண் வருகிறது. 2006 டிசம்பரில் கேம்பெல் குடும்ப அறக்கட்டளை படகைக் கொடையாகக் கொடுத்தது கானிஸ்டன் கிராமத்தில் இருக்கும் ரஸ்கின் அருங்காட்சியகத்துக்கு. ஜான் ரஸ்கின் யாரென்று நமக்குத் தெரியும்; காந்தி 1904-ல் தென்னாப்பிரிக்க ரயிலில் படித்து வாழ்க்கையையே மாற்றிக்கொண்டாரே, அந்தப் புத்தகத்தை எழுதியவர். இந்த ஏரியின் கிழக்குக் கரையில் வாழ்ந்தார், கானிஸ்டன் தேவாலயத்திலேயே அடக்கமாகியிருக்கிறார். பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பதை அவர் அளவுக்கு வெறுத்தவர் குறைவு. கட்டடக்கலை பற்றி 1849-ல் எழுதியபோது, புதுப்பிப்பு என்பதே ஆரம்பத்திலிருந்து முடிவுவரை பொய், ஒரு கட்டடத்துக்கு நேரக்கூடிய முழுமையான அழிவு, செத்தவரை எழுப்புவது போல் நடக்காத காரியம் என்று விளாசித் தள்ளினார். அப்படிப்பட்டவர் பெயர் தாங்கிய அருங்காட்சியகம்தான் உடைந்த படகை வாங்கி, அதைத் திரும்ப ஓட வைக்க ஒப்புக்கொண்டது.

வேலை நடந்தது வடக்கு ஷீல்ட்ஸில் ஒரு பட்டறையில். பில் ஸ்மித் தலைமை, பெரும்பாலும் தன்னார்வலர்கள். பத்தாண்டுக்கும் மேல் இழுத்தது. ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துப் பதிவு செய்துகொண்டே போனார்கள். பழைய பாகத்தில் எதையெல்லாம் காப்பாற்ற முடியுமோ அதையெல்லாம் திரும்பவும் படகிலேயே பொருத்துவது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி.

சொல்வதற்கு எளிது. நசுங்கிய அலுமினியத் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நசுங்கும்போதே உலோகம் இறுகிவிடும். அப்படியே சுத்தியலால் தட்டினால் நெளியாது, விரிசல் விடும். அதனால் முதலில் சூடாக்கி இளக்க வேண்டும். அலுமினியத்தில் இது ஆபத்தான விளையாட்டு, ஏனென்றால் இரும்பு மாதிரி சிவக்காது. உருகும் நொடிவரை நிறம் மாறாமலே இருக்கும். தகடு வேலைக்காரர்கள் சோப்பைத் தேய்த்துவிட்டுச் சூடு காட்டுவார்கள். சோப்பு பழுப்பேறினால் போதும், நெருப்பை எடுத்துவிட வேண்டும். பிறகு தட்டுவது, திரும்பச் சூடாக்குவது, திரும்பத் தட்டுவது. இதற்கு முன்பு ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டு எடுத்திருக்க வேண்டும், ஓட்டை பெரிதாகாமல். திரும்பப் பூட்டும்போது அதே ஓட்டைகள் சட்டகத்தின் ஓட்டைகளோடு சேர வேண்டும். நிமிர்த்திய தகடு ஒரு மில்லிமீட்டர் நீண்டிருந்தால் சேராது. புதுத் தகடு வெட்டிப் போடுவது இதைவிடப் பல மடங்கு மலிவு, பல மடங்கு வேகம். அப்படிச் செய்திருந்தால் கிடைத்திருப்பது அழகான நகல்.

எஃகுச் சட்டகம் வேறு தலைவலி. எஃகும் அலுமினியமும் ஒட்டிக்கொண்டு நீரில் கிடந்தால் இரண்டுக்கும் நடுவே மின்கலம் போல ஒன்று உருவாகி, அரிப்பு வேகமெடுக்கும். ஆனால் கானிஸ்டன் நன்னீர் ஏரி, அடியில் குளிர், வெளிச்சமில்லை. கடலில் கிடந்திருந்தால் இந்த அளவுக்கு மிஞ்சியிருக்காது. கடலில் ஓடிய பழைய பந்தயப் படகுகளைப் புதுப்பிப்பவர்கள் கே7-ஐப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைப்படலாம். அவர்களுக்கு உப்பும், இற்றுப்போன பிளைவுட்டும், ஒட்டு விட்டுப்போன அடுக்குகளும்தான் தினசரிப் பாடு.

முன்பகுதிக்கு இந்த விதி பெரிதாக உதவவில்லை. கேம்பெல் உட்கார்ந்திருந்த இடமே சிதறியிருந்தது. அங்கே புதிதாகக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. என்ஜினும் அப்படித்தான். 34 ஆண்டு நீரில் ஊறிய ஜெட் என்ஜினைச் சுற்றவைக்கும் யோசனைக்கே இடமில்லை. வேறொரு ஆர்ஃபியஸைப் பொருத்தினார்கள்.

எந்த ஆண்டின் படகை மீட்பது என்ற கேள்விக்கு இங்கே சுலபமான விடை இருந்தது. பந்தயப் படகு எதுவும் பிறந்த கோலத்தில் ஓய்வு பெறுவதில்லை. ஒவ்வொரு பருவத்திலும் என்ஜின் மாறும், மேல்தளம் மாறும், பெயின்ட் மாறும், பெயர்கூட மாறும். இங்கிலாந்தில் 1961-ல் தொடங்கிய கௌஸ், டார்கீ கடல் வேகப்படகுப் பந்தயத்தில் ஓடிய படகுகளைப் புதுப்பிக்கும் ஒவ்வொருவரும் இதில் மாட்டிக்கொள்வார்கள். ஜெயித்த ஆண்டின் கோலமா, கட்டிய ஆண்டின் கோலமா, கடைசியாக இருந்த கோலமா? கே7-க்கும் 1955, 1958, 1964 என்று பல முகங்கள் உண்டு. கையில் இருந்தது 1967-ன் உடல், அதனால் 1967-ன் கோலம். நாட் விமானத்து என்ஜினோடும் வால் துடுப்போடும்.

2018 ஆகஸ்ட். ஸ்காட்லாந்தின் பியூட் தீவில் லாக் ஃபேட் என்ற ஏரியில் படகை இறக்கினார்கள். மிதந்தது. என்ஜின் உயிர்பெற்றது. அடுத்த நாட்களில் மணிக்கு 150 மைல் அளவுக்கு ஓடியது. 1967-க்குப் பிறகு முதல் முறையாக அந்த நீல உடல் நீரைச் சீவிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் அழுதார்கள் என்றால் அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பொறியியல் வேலை என்ற அளவில் இதற்கு முழு மதிப்பெண் கொடுத்துவிடலாம்.

அதற்கப்புறம்தான் பிரச்சினை.

அருங்காட்சியகம் படகைக் கேட்டது. கொடைப் பத்திரப்படி படகு எங்களுடையது, பழுது பார்க்கக் கொடுத்தோம், முடிந்தது, திருப்பிக் கொடுங்கள் என்பது அவர்கள் கணக்கு. ஸ்மித் தரப்பின் கணக்கு வேறு. நாங்கள் புதிதாகச் செய்த பாகங்கள் யாருடையவை? கொடையாக வந்தது சிதைவுதானே, அதில் இல்லாதவற்றை எங்கள் பணத்திலும் உழைப்பிலும் செய்தோமே? படகு கண்ணாடிக்குப் பின்னால் முடங்காமல் ஓட வேண்டும் என்ற ஆசையும் அதில் கலந்திருந்தது.

இந்த வாதத்தைச் சட்டத்தின் பார்வையில் பார்த்தால் எனக்கு அருங்காட்சியகத்தின் பக்கமே பலமாகத் தெரிகிறது. உங்கள் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டீர்கள், அவர் புது சைலன்ஸர் போட்டார்; காசு தரவில்லையென்றால் காசு கேட்கலாம், வண்டியில் பங்கு கேட்க முடியாது. ஆனால் உள்ளே இருந்து பார்த்தால் அது அத்தனை எளிதில்லை. பத்தாண்டுக்கும் மேல் வார இறுதிகளைக் கொடுத்த தன்னார்வலர் தன்னை மெக்கானிக்காக நினைக்க மாட்டார். அவருக்குச் சம்பளச் சீட்டு இல்லை, படகுதான் சம்பளம். வேலை முடிந்தபின் அவருக்கு அதில் என்ன இடம், வருடத்தில் எத்தனை நாள் ஓட்டலாம், யார் ஓட்டலாம், காப்பீடு யார் பொறுப்பு, புதிதாகச் செய்த ஒவ்வொரு பாகமும் பொருத்திய அன்றே யாருக்குச் சொந்தம் என்பதையெல்லாம் முதல் ரிவெட்டைத் துளையிடும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். எல்லோரும் நல்ல மனநிலையில் இருக்கும் அந்த முதல் மாதத்தில் இதைப் பேசுவது அசிங்கமாகத் தோன்றும். அப்போது பேசாவிட்டால் வக்கீல் மூலம்தான் பேச வேண்டிவரும்.

அப்படியே ஆனது. அருங்காட்சியகம் நீதிமன்றத்தை நாடியது. 2023-ல் ஸ்மித் தரப்பு உரிமைக் கோரிக்கையைக் கைவிட்டது. 2024 மார்ச் 9 அன்று கே7 லாரியில் ஏறி கானிஸ்டன் வந்து சேர்ந்தது. தெருவோரம் மக்கள் திரண்டு நின்றார்கள். படகுக்கென்றே கட்டி, பல ஆண்டுகள் படகில்லாமல் காத்திருந்த அறைப் பகுதிக்குள் போனது. ஓட்டத்துக்கும் வீடு திரும்பலுக்கும் நடுவே வீணானது ஐந்தரை ஆண்டு. அந்தக் காலத்தில் படகுக்காகக் காத்திருந்த முதியவர்கள் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இதற்கு நேர் எதிரான முடிவை சிட்னியில் பார்க்கலாம். கேம்பெல் தொட நினைத்த 300-ஐத் தாண்டியவர் கென் வார்பி, ஆஸ்திரேலியர். வீட்டு முற்றத்தில் மரத்தில் கட்டிய ஸ்பிரிட் ஆஃப் ஆஸ்திரேலியாவில், 1978 அக்டோபர் 8 அன்று புளோவரிங் அணையில் 317.6 மைல் ஓட்டினார். இன்றும் அதுதான் உலக சாதனை. அந்தப் படகு இப்போது டார்லிங் துறைமுகத்தில் ஆஸ்திரேலிய தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முழுசாக ஓய்வு பெற்ற படகு, அதனால் யாரும் எதையும் நிமிர்த்த வேண்டியிருக்கவில்லை. உடையாத படகைப் பாதுகாப்பது சுலபம் என்று சொன்னால் சிரிப்பு வரும், ஆனால் நிஜம் அதுதான்.

இனி கே7 ஓட வேண்டுமா? ஓட வைக்கத்தான் இத்தனையும் செய்தார்கள் என்பது ஒரு பக்கம். ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் 1955-ன் எஃகு கொஞ்சம் தேய்கிறது என்பது மறுபக்கம். என் கருத்து: எப்போதாவது, மெதுவாக, கானிஸ்டனிலேயே ஓடலாம். அங்கே சாதாரண நாட்களில் வேக வரம்பு மணிக்கு 10 மைல். ஆனால் நவம்பர் மாதம் சாதனை வாரம் என்று ஒன்று நடத்துகிறார்கள், அப்போது வரம்பைத் தளர்த்துவார்கள். ஏரிக்கும் படகுக்கும் பழக்கமான ஏற்பாடுதான்.

படகு திரும்பிய அறையில் பழைய ஆர்ஃபியஸ் என்ஜினும் இருக்கிறது, ஏரியிலிருந்து எடுத்தது, அரித்துப்போன கோலத்திலேயே. ஒன்றைத் தொட்டார்கள், மற்றொன்றைத் தொடவில்லை. ரஸ்கினின் கல்லறை அங்கிருந்து சில நிமிட நடை.